விழுந்தால் பள்ளிக்கூடத்துக்கு!

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலக் காப்பியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பாதிக் கதை என் மானம் போன கதை. மீதிக் கதை வரலாறு. முப்பத்து நாலு வருஷம் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள் என்பதால் எதைச் சொன்னாலும் கொஞ்சம் பாடமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சீசனில், குற்றாலத்தில் ஐந்தருவியிலும் பேரருவியிலும் கூட்டம் அலைமோதிய நேரம். இங்கே தென்காசியில் வெயிலும் சாரலும் மாறி மாறி. வெளியே போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போது செல்போனில் ஒரு அறிவிப்பு வந்தது. இணையவழிப் பொது அறிவுப் போட்டி. 20 கேள்விகள். முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். கேள்விகளைப் பார்த்தேன். நம் ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியல்தான். இருபதுக்கும் சரியான விடை போட்டேன். கடைசியில் ஒரு கட்டம்: "பரிசுத் தொகையை என்ன செய்வீர்கள்?" நான் யோசிக்கவே இல்லை. நான் கடைசியாக வேலை பார்த்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு புத்தக அலமாரியும், அது நிறையப் புத்தகமும் வாங்கித் தருவேன் என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் "நீங்கள் வெற்றி பெற்றுவிட்டீர்கள்" என்று தகவல். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளித் தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பிள்ளை சந்தோஷம் தாங்காமல் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லிவிட்டாள். நான்காம் நாள் ஒருவர் பேசினார். நல்ல மரியாதையான தமிழ். "பரிசை அனுப்பப் பதிவுக் கட்டணம் 4,000 ரூபாய் மேடம். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 4,720." கணக்குச் சரியாக இருந்தது. கணக்குச் சரியாக இருந்தால் டீச்சர்மார் நம்பிவிடுவோம் போலிருக்கிறது. அனுப்பினேன். மறுநாள் "வருமான வரிக்கு முன்பணம் 8,000, அதற்கும் ஜி.எஸ்.டி." என்றபோதுதான் அடிவயிற்றில் சுரீர் என்றது. மகளிடம் சொன்னேன். "எம்மா, ஓடிபி ஏதும் சொன்னியா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. நல்லவேளை, சொல்லவில்லை. 1930 எண்ணுக்குப் புகார் கொடுத்தோம். போன 4,720 போனதுதான்.

பணம் போனதைவிடப் பெரிய கஷ்டம், பள்ளிக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. போனேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து கேட்டாள்: "அப்ப, பரிசு விழலைன்னா நீங்க அலமாரி தர மாட்டீங்களா டீச்சர்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க இதே நினைப்பு. போட்டியில் ஜெயித்துத் தர்மம் செய்ய வேண்டும் என்ற ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது? வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களையும் என் ஞாபகங்களையும் புரட்டினேன். அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

*பெருஞ்சித்திரனார் வீட்டு அரிசி*

பரிசு வாங்கியதை அப்படியே பிறருக்குக் கொடுத்த கதை நம்மிடம் ரொம்பப் பழையது. சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் வறுமையில் வாடியவர். முதிரமலைத் தலைவன் குமணனைப் பாடிப் பெரும் பரிசு பெற்று வீட்டுக்கு வருகிறார். புறநானூற்றின் 163ஆம் பாட்டில் மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்புகிறவர்களுக்கும் கொடு, நீ விரும்புகிறவர்களுக்கும் கொடு, நம் பசிக்கு முன்பு கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கும் கொடு, இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னையும் கேட்காதே, சேர்த்து வைத்து நாளைக்கு வாழலாம் என்றும் நினைக்காதே என்கிறார். இது பரிசு கைக்கு வந்த அன்றைக்கே நடந்தது. வருவதற்கு முன்பே அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. என்னிடமிருந்து அவர் வேறுபடும் இடம் அது.

பாட்டைப் படிக்கும்போது இன்னொன்றும் பட்டது. அவர் பரிசு வாங்கியது பாடிய பாட்டுக்கு. அது உழைப்பின் கூலி. சூதில் வந்தது அல்ல. சூதைப் பற்றி வள்ளுவர் தனியாக ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 94ஆவது. அதன் முதல் குறளிலேயே, சூதில் வருகிற வெற்றி, தூண்டிலில் இருக்கும் இரும்பை இரை என்று மீன் விழுங்குவது போன்றது என்கிறார். எத்தனை வருஷம் இதைப் பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பேன்! மீன் நானே ஆகும்வரை அதன் பொருள் முழுசாகப் புரியவில்லை.

*குறுக்கெழுத்தும் உச்ச நீதிமன்றமும்*

அறிவுப் போட்டிக்கும் சூதுக்கும் நடுவே கோடு எங்கே என்ற சண்டை நம் நாட்டில் புதிதல்ல. 1930களில் பத்திரிகைகளில் குறுக்கெழுத்துப் போட்டி பெரிய மோகமாக இருந்தது. எஸ்.எஸ். வாசன் நடத்திய ஆனந்த விகடன் வீடு வீடாகப் பரவியதற்கு அந்தப் போட்டிகளும் ஒரு காரணம். நுழைவுக் கட்டணம் கட்டி விடை அனுப்ப வேண்டும். பார்ப்பதற்கு மூளைக்கு வேலை. ஆனால் பல போட்டிகளில் ஒரே குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும். நடத்துகிறவர் முன்கூட்டியே எந்தச் சொல்லை முடிவு செய்து வைத்தாரோ அதுதான் சரி. அப்படியானால் அது அறிவா, அதிர்ஷ்டமா?

இந்தக் கேள்வி கோர்ட்டுக்குப் போனது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பத்திரிகை வழியாக ஆர்.எம்.டி. சாமர்பாக்வாலா என்பவர் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிக்குப் பம்பாய் மாகாணத்தில் ஏகப்பட்ட வாசகர்கள். பம்பாய் அரசு வரி போட்டது. மத்திய அரசும் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, தாண்டாத போட்டிக்கும் உரிமம் வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சூதாட்டம் என்பது வியாபாரமே அல்ல, அதற்கு அரசியலமைப்பின் தொழில் உரிமைப் பாதுகாப்பு கிடையாது என்றது. ஆனால் திறமை பெருமளவு தேவைப்படும் போட்டி சூதாட்டம் ஆகாது என்றும் சேர்த்துச் சொன்னது. தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதிய தீர்ப்பில் ரிக் வேதத்துச் சூதாடியின் புலம்பலும் மகாபாரதமும்கூட வருகின்றன. வள்ளுவரையும் சேர்த்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற அந்த 1957ஆம் வருஷத்துக் கேள்விதான் இன்றைக்கு ஆன்லைன் ரம்மி வரைக்கும் நீண்டு வந்திருக்கிறது.

*அப்பாவின் பஞ்சாங்கம்*

அடுத்தது லாட்டரி. 1967இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையிலான அரசு, நாட்டிலேயே முதல் முறையாக அரசு லாட்டரித் துறையைத் தொடங்கியது. 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. அதே 1968இல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாட்டிலும் பரிசுச் சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் அப்போது பட்டிதொட்டியெல்லாம் பரவியது. இன்று யோசித்தால் எவ்வளவு கெட்டிக்கார வாசகம்! சீட்டு வாங்குகிறவன் தோற்றாலும் தர்மம் செய்த திருப்தியோடு தூங்கப் போவான்.

என் அப்பா தென்காசி பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. மாதம் ஒரு சீட்டு மட்டும் வாங்குவார். தமிழ்நாட்டுச் சீட்டு கிடைத்தால் அது, இல்லாவிட்டால் செங்கோட்டைப் பக்கம் போய் வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுக் கேரளச் சீட்டு. பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைப்பார். அப்போது நம் காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் சிதைந்து, மொட்டைக் கோபுரமாக நின்றது. என் வயதுக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அப்பா ஒவ்வொரு சீட்டு வாங்கும்போதும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "விழுந்தா பாதி உனக்குத்தான்" என்பார். அம்மா அடுப்படியிலிருந்து, "அந்த ஒத்த ரூவாய உண்டியல்ல போட்டா இப்பவே போய்ச் சேருமே" என்பாள். அப்பா சிரித்துக்கொள்வார்.

விழவில்லை. ஒரு தடவைகூட விழவில்லை. மாதம் ஒரு ரூபாய் என்றே வைத்தாலும் பதினேழு வருஷத்துக்கு 204 ரூபாய். அன்றைக்கு அது செங்கல்லாகவோ சிமெண்ட்டாகவோ கோபுரத்துக்குப் போயிருக்கும். அப்பா காலமான பிறகுதான் திருப்பணி முழுமூச்சாக நடந்தது. 1990இல் புதிய கோபுரத்துக்குக் குடமுழுக்கு. பாவூர்சத்திரம் பக்கமிருந்து வந்தாலே கோபுரம் கண்ணில் படுகிறது. அதில் என் அப்பாவின் பங்கு ஒரு செங்கல்கூட இல்லை. அவர் கஞ்சர் இல்லை. கொடுக்கத்தான் ஆசைப்பட்டார். ஆனால் பரிசு விழட்டும் என்று காத்திருந்தார்.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரியை அடியோடு தடை செய்தது. கூலித் தொழிலாளி வீடுகளில் அது செய்த நாசம் கொஞ்சமா நஞ்சமா? அந்தத் தடையை நான் மனதார வரவேற்றேன். ஆனால் நம் ஊர் எல்லை ஊர். புளியரை தாண்டிக் கோட்டைவாசல், ஆரியங்காவு போனால் கடைகளில் சீட்டு தோரணமாகத் தொங்கும். கேரளம் 2011இல் 'காருண்யா' என்ற பெயரிலேயே ஒரு லாட்டரி தொடங்கி, அந்த வருமானத்தை ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு ஒதுக்கியது. நல்ல காரியம்தான். எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சீட்டை வாங்குகிறவரில் பெரும்பாலானவர் அன்றாடம் கூலிக்குப் போகிறவர். ஏழையின் பணத்தை ஏழையின் வைத்தியத்துக்குக் கொண்டுபோக நடுவில் ஒரு கனவை விற்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் சங்கடம்.

*டிவியும் இணையமும்*

பிறகு டிவி வந்தது. 2000ஆம் ஆண்டில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்', 2012இல் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று ஊரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா ஒரு கோடி ரூபாய் வென்றார். காது கேளாத, வாய் பேச இயலாத பெண். நாகர்கோவிலில் உள்ள செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் பள்ளிக்கு உதவ வேண்டும் என்று ஆசையைச் சொன்னார். அன்று டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன். என் மனதில் அந்த விதை அன்றைக்கு விழுந்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இணையத்தில் நல்ல முயற்சியும் நடந்தது. அமெரிக்காவில் ஜான் பிரீன் என்ற கணினிக்காரர் 2007 அக்டோபரில் 'ஃப்ரீரைஸ்' என்ற சொல் விளையாட்டைத் தொடங்கினார். ஒரு சரியான விடைக்குப் பத்து அரிசி மணி. விளம்பரதாரர் தரும் பணத்தில் அந்த அரிசி, பசியால் வாடும் நாடுகளுக்குப் போகும். முதல் நாளில் சேர்ந்தது 830 மணி அரிசிதான். நம் வீட்டில் ஒரு கைப்பிடிகூட வராது. போகப் போக மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. 2009இல் அதை ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்கே அவர் கொடுத்துவிட்டார். இதில் விளையாடுகிறவர் ஒரு பைசா கட்ட வேண்டாம். ஜெயித்தாலும் தனக்கு ஒன்றும் கிடையாது. அதனால் ஏமாறவும் வழியில்லை.

சங்கடமான கதையும் உண்டு. 2009 கடைசியில் அமெரிக்காவின் சேஸ் வங்கி, எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் தரலாம் என்று ஃபேஸ்புக்கில் மக்களை வாக்களிக்கச் சொன்னது. மொத்தம் 50 லட்சம் டாலர். முடிவு நெருங்கியபோது யார் முன்னணியில் என்ற பட்டியல் மறைக்கப்பட்டது. சில அமைப்புகள் தங்களை வேண்டுமென்றே விலக்கிவிட்டதாகப் புகார் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. யாருக்குத் தேவை அதிகம் என்று பார்க்காமல், யாருக்குக் கூட்டம் அதிகம் என்று பார்த்தால் தர்மமும் தேர்தல் மாதிரி ஆகிவிடும்.

நம் மாநிலத்தில் ஆன்லைன் சூதாட்டத்தால் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் செய்தி வராத மாதமே இல்லை என்ற நிலை வந்தது. நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை கொடுத்தது. சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்டது செல்லாது என்றது. மறுபடியும் அதே 1957ஆம் வருஷத்துக் கோடு! 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் இயற்றியது. என்னை ஏமாற்றியவர்கள் இந்த எந்தச் சட்டத்தையும் படித்திருக்க மாட்டார்கள். அவர்கள் நடத்தியது போட்டியே இல்லை, பச்சைத் திருட்டு.

*ஜெயித்துக் கொடுத்தவர்கள்*

அப்படியானால் ஜெயித்துக் கொடுப்பதே தப்பா? இல்லை. கொடுத்தவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

தாகூர் 1913இல் நோபல் பரிசு வாங்கினார். பதிசர் என்ற ஊரில் குடியானவர்களுக்குக் கடன் கொடுக்க அவர் ஏற்கெனவே ஒரு விவசாய வங்கி நடத்தி வந்தார். பரிசுப் பணத்தை அதில் போட்டார். விவசாயிக்குக் குறைந்த வட்டியில் கடன், வட்டி சாந்திநிகேதன் பள்ளிக்கு. பின்னாளில் கடன் நிவாரணச் சட்டம் வந்ததும் கொடுத்த கடன் திரும்பவில்லை, வங்கி நொடித்தது. பணம் போய்விட்டது. ஆனால் பணம் போனதும் குடியானவர் வீட்டுக்குத்தானே என்று எனக்கு ஒரு ஆறுதல். அன்னை தெரசா 1979இல் நோபல் வாங்கியபோது, வழக்கமான விருந்து வேண்டாம், அந்தச் செலவையும் ஏழைகளுக்கே கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்.

2020 டிசம்பர் 3ஆம் தேதி ஒரு செய்தி வந்தது. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி என்ற குக்கிராமத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலேவுக்கு உலக ஆசிரியர் பரிசு, 10 லட்சம் டாலர். பொறியியல் படிப்பை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவர், அதாவது நம்ம ஜாதி! அவர் வேலைக்குப் போனபோது பள்ளிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் மாட்டுத் தொழுவம். பிள்ளைகளின் வீட்டு மொழி கன்னடம், பாடப்புத்தகம் வேறு மொழி. கன்னடம் கற்றுக்கொண்டு பாடத்தை மொழிபெயர்த்தார். புத்தகத்தில் கியூஆர் கோடு ஒட்டிப் பாட்டும் கதையும் கேட்க வைத்தார். 140 நாடுகளிலிருந்து 12,000 பேருக்கு மேல் பரிந்துரைக்கப்பட்ட போட்டி அது. பரிசை அறிவித்த அதே நிகழ்ச்சியில், பாதிப் பணத்தைத் தன்னோடு இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து தருவதாகச் சொல்லிவிட்டார். ஆளுக்கு 55,000 டாலர் போல. தோற்றவருக்கும் பங்கு கொடுத்த போட்டியை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

நம் பக்கத்துக் கதை இன்னும் நெருக்கமானது. தமிழக அரசின் 'தகைசால் தமிழர்' விருதோடு 10 லட்சம் ரூபாய். 2021இல் முதல் விருது பெற்ற தோழர் என். சங்கரய்யா அதை அப்படியே கொரோனா நிவாரணத்துக்குக் கொடுத்தார். 2022 சுதந்திர தினத்தில் விருது பெற்றவர் நம் ஸ்ரீவைகுண்டத்துக்காரர் தோழர் நல்லகண்ணு. வாங்கிய கையோடு முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவு தெரியுமா? 10 லட்சத்து 5 ஆயிரம்! வாங்கியதோடு தன் கையிலிருந்து 5,000 சேர்த்துக் கொடுத்தார்.

எனக்கு அந்தப் பத்து லட்சத்தைவிட இந்த ஐந்தாயிரம்தான் பெரிதாகத் தெரிகிறது. பத்து லட்சம் பரிசு. ஐந்தாயிரம் அவருடையது. பரிசே வராவிட்டாலும் அந்த ஐந்தாயிரத்தைக் கொடுக்கக்கூடிய மனிதர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. என்னிடமும் ஐந்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தொகை இருந்தது. அதை முகம் தெரியாத ஒருவனுக்கு அனுப்பி வைத்தேன்.

*ஆய்க்குடியில் ஒரு குடிசை*

கடைசியாக ஒருவர். தென்காசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது ஆய்க்குடி. அங்கே பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் கல்லூரியில் நான்காம் ஆண்டு படித்தபோது, 1975 ஜனவரியில், கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போனார். அதுவும் ஒரு போட்டிதான், உடல்திறன் போட்டி. உயரத்திலிருந்து குதித்து இறங்க வேண்டிய ஒரு தேர்வில் விழுந்தார். முதுகுத் தண்டில் அடி. கழுத்துக்குக் கீழே உடம்பு அசையவில்லை. வயது இருபதை ஒட்டி.

புனே அருகே ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். ஊருக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன், 1981ஆம் ஆண்டில், உலகம் முழுக்க ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடப்பட்ட அந்த வருஷத்தில், அந்த மருத்துவர் பெயரால் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். ஓலைக் கொட்டகையில் ஐந்து பிள்ளைகளோடு ஆரம்பம். பிறகு தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஆடிட்டர் எஸ். சங்கரராமன் வந்து தோள் கொடுத்தார். இன்று அங்கே பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று ஒரு பெரிய வளாகம். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

வேலையில் இருந்தபோது பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். அப்போது தோன்றாதது இப்போது தோன்றுகிறது. ஜெயித்த பிறகு கொடுத்தவர்களைப் பற்றி இவ்வளவு நேரம் எழுதினேன். இவர் போட்டியில் விழுந்தவர். பரிசு இல்லை, வேலை இல்லை, கை கால்கூட இல்லை. அந்த நிலைமையில்தான் கொடுக்க ஆரம்பித்தார். ஆய்க்குடி பஸ் நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. நான் செல்போனில் பரிசு தேடிக்கொண்டிருந்தேன்.

நம் பெரிய கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டுப் பாடல் ஒன்று கோயிலிலேயே உண்டு. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களை உலகறிய இப்போதே வணங்குகிறேன் என்று அரசன் சொல்கிறான். 15ஆம் நூற்றாண்டு அரசன், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஆட்களைக் கும்பிட்டிருக்கிறான். அவன் கும்பிட்ட கூட்டத்தில் அப்பா இருந்திருக்கலாம். ஒரு ரூபாய்தான் தேவைப்பட்டது.

சரி, அந்தச் சின்னப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில். உண்மையில் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. "உட்காரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மாதப் பென்ஷன் வந்ததும் தச்சரிடம் சொல்லி ஒரு அலமாரி செய்தேன். பெரியது இல்லை, மூன்று தட்டு. கண்ணாடி போடப் பணம் போதவில்லை. என் வீட்டிலிருந்த சிறுவர் புத்தகங்களும் புதிதாக வாங்கியவையும் சேர்த்து இரண்டு தட்டுதான் நிறைந்தது. போய் இறக்கியபோது அதே பெண் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "பரிசு விழுந்திருச்சா டீச்சர்?" என்றாள். "இல்லம்மா. விழாமலேதான்" என்றேன். அவள் அதற்குள் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். மூன்றாவது தட்டை மாதம் இரண்டு புத்தகமாக நிரப்பி வருகிறேன்.

வயதில் என்னை ஒத்தவர்களுக்கு நாலு வார்த்தை. உண்மையான பரிசை வாங்க நீங்கள் யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். பணப் பரிசுக்கு வருமான வரி 30 சதவீதம் உண்டு, ஆனால் அதைப் பரிசிலிருந்தே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். முன்கூட்டியே கட்டு என்று எவன் கேட்டாலும் அவன் திருடன்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவிலேயே முடக்க வாய்ப்புண்டு. நான் ஒரு நாள் தாமதித்தேன், வெட்கத்தால்.

போட்டிகளில் கலந்துகொள்ளுங்கள், தப்பே இல்லை. மூளைக்கு நல்லது. பரிசு விழுந்தால் யாருக்காவது கொடுங்கள், அது இன்னும் நல்லது. ஆனால் கொடுக்க நினைத்ததில் கையால் ஆனதை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் கேள்விக்கு விடை எழுதுங்கள்.

வெளியே சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. கொடியில் துணி கிடக்கிறது, எழுந்து போகிறேன். வணக்கம்.